சாளரத்தையும் கூடவே கூட்டிப் போக ஒரு ஷார்ட்கட்

டேலியில் கை பழகிய கணக்கர் மவுஸைத் தேடுவதே இல்லை. எஃப்5 பேமென்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். பில்லில் கண், கீபோர்டில் விரல் என்று வேலை ஓடும். டேலியை விட்டு வெளியே வந்தால்தான் சிக்கல். பேங்க் ஸ்டேட்மென்ட், எக்ஸெல், ஜிஎஸ்டி தளம், மெயில் என்று சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும்.

இதற்கு மருந்து, ஒரே கணினியில் பல டெஸ்க்டாப்கள் வைத்துக்கொள்வது. லினக்ஸ்காரர்கள் இதை வொர்க்ஸ்பேஸ் என்பார்கள். திரை ஒன்றுதான். ஆனால் ஒன்றில் முதல் கிளையன்ட்டின் கணக்கு, அடுத்ததில் இரண்டாவது கிளையன்ட்டின் கணக்கு, மூன்றாவதில் மெயில் என்று பிரித்துக்கொள்ளலாம். மேக்கில் இந்த வசதி 2007-ல் ஸ்பேசஸ் என்ற பெயரில் வந்தது. விண்டோஸில் 2015-ல், விண்டோஸ் 10 உடன் வந்தது.

விண்டோஸ் விசை, கண்ட்ரோல், வலது அம்பு... மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அடுத்த டெஸ்க்டாப்புக்குத் தாவலாம். நல்லதுதான். ஆனால் தாவுவது ஆள் மட்டுமே. தவறான இடத்தில் திறந்துவிட்ட சாளரம் அங்கேயே கிடக்கும். அதை அடுத்த டெஸ்க்டாப்புக்கு அனுப்ப விண்டோஸ் 11-லும் நேரடி ஷார்ட்கட் கிடையாது. விண்டோஸ் விசையும் டேபும் அழுத்தி, அம்பு விசையால் சாளரத்தைத் தேடி, மெனுவைத் திறந்து, 'மூவ் டு' போய், டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் இரண்டு மானிட்டர் இருந்தால் கதையே வேறு. விண்டோஸ் விசை, ஷிஃப்ட், அம்பு என்று ஒரே தட்டில் சாளரம் அடுத்த மானிட்டருக்குப் போய்விடும்! இரண்டாவது மானிட்டர் வாங்கக் காசு உள்ளவருக்கு ஒரு தட்டு, இல்லாதவருக்கு ஐந்து படி. இது என்ன நியாயம்?

செய்யவே முடியாத வேலையா என்றால், அதுவும் இல்லை. லினக்ஸின் க்னோமில் சூப்பர், ஷிஃப்ட், பேஜ் டவுன் அழுத்தினால் சாளரமும் ஆளும் சேர்ந்தே அடுத்த இடத்துக்குப் போகலாம். பேஜ் அப் அழுத்தினால் திரும்பி வரலாம். யோசனையும் புதிதல்ல. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் கார்டும் ஆஸ்டின் ஹெண்டர்சனும் உருவாக்கி 1986-ல் எழுதிய 'ரூம்ஸ்' அமைப்பிலேயே, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது சாளரங்களைப் பயண மூட்டையாகத் தூக்கிப் போக வழி இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் மூட்டைக்கு மவுஸைத் தேட வேண்டியிருக்கிறது :-)

"தனியாக ஒரு மென்பொருள் போட்டுக்கொண்டால் ஆச்சு" என்பார்கள். சொந்தக் கணினி என்றால் சரி. கல்லூரி லேபிலும் ஆடிட்டர் ஆபீசிலும் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள். அங்கே கணினியோடு வருவது மட்டும்தான் கைக்குக் கிடைக்கும். மணிக்கட்டு வலியால் மவுஸ் பிடிக்க முடியாதவருக்கும், பார்வையின்றி கீபோர்டை மட்டுமே நம்பி வேலை செய்பவருக்கும் இது சொகுசு அல்ல, அன்றாட வேலை.

புதுப் பொத்தான், புது நிறம் என்று ஒவ்வொரு பதிப்பிலும் எதையாவது மாற்றுகிறவர்கள், இந்த ஒரு ஷார்ட்கட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். அதுவரை விண்டோஸ்காரர்களுக்கு ஒரு வழி: முதலில் சரியான டெஸ்க்டாப்புக்குத் தாவிவிட்டு, பிறகு சாளரத்தைத் திறப்பது. பாதித் தொல்லையாவது குறையும்.