நிதி தேடும் நம் சிறு குழுக்கள்

கேரளத்தில் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'பாதி விலை' மோசடியைப் பற்றி நம்மில் பலர் செய்தித்தாள்களில் படித்திருப்போம். ஏறத்தாழ 60 ஆயிரம் ரூபாய் கட்டினால் அதைப்போல் இருமடங்கு விலையுள்ள ஸ்கூட்டர் கிடைக்கும், மீதியைப் பெரிய நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். தையல் இயந்திரம், மடிக்கணினி என்று பட்டியல் நீண்டது. முதலில் சிலருக்குப் பொருள் கைக்கு வந்தது. அதைக் கண்ட பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பணம் கட்டினார்கள். பிறகு ஸ்கூட்டரும் வரவில்லை, பணமும் வரவில்லை. இதில் நம்மை அதிகம் வருத்துவது வேறொன்று. மக்களிடம் பணம் வாங்கிக் கொடுத்தவர்களில் உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகளும் சங்கங்களும் இருந்தன. ஊர் நம்பிய முகங்கள் அவை.

இதை ஒரு திருட்டுக் கதையாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. இவ்வளவு பேர் ஏன் நம்பினார்கள்? அப்படியொரு நிதி உண்மையிலேயே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அது எந்த வழியாக வருகிறது, யாருக்கு வருகிறது என்பதுதான் தெரியாது. நம் அன்பியங்களில், இளையோர் இயக்கங்களில், மாலைநேர வகுப்பு நடத்தும் சிறு குழுக்களில் இதே நிலைதான். "ஃபாதர், யாராவது ஸ்பான்சர் பார்த்துக் கொடுங்கள்" என்ற குரலைக் கேட்காத பங்குத்தந்தை இருக்க முடியாது.

முதலில் அந்த நிறுவன நிதியைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் தங்கள் மூன்று ஆண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2022-23 நிதியாண்டில் நாடு முழுவதும் இப்படிச் செலவான தொகை ஏறத்தாழ 30 ஆயிரம் கோடி ரூபாய். சிறிய தொகை அல்ல. ஆனால் அதைப் பெற விரும்பும் வெளி அமைப்பு பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி சான்றுகள் வேண்டும். மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தை நிரப்பிக் கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனி எண்ணும் வாங்க வேண்டும். இந்த வரிசையில் எங்கேயாவது "பயனாளி முன்பணம் கட்ட வேண்டும்" என்று இருக்கிறதா? இல்லை. இந்த ஒரு செய்தி ஊருக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ நகைகள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. நியாயந்தான். புகையும் கழிவும் எங்கே போகிறதோ அங்கே உதவியும் போகட்டும். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்துப் பள்ளிக்கு இருக்கிற வாய்ப்பு, தொழிற்சாலையே இல்லாத ஒரு கடற்கரைக் கிராமத்துக்கோ மலைக் கிராமத்துக்கோ இருப்பதில்லை. தேவை அதிகம் உள்ள இடத்தில் கொடுப்பவர் இல்லை.

இரண்டாவது வழி, நம் மறைமாவட்டங்களுக்கு நெடுங்காலம் பழக்கமானது: வெளிநாட்டு உதவி. ஐரோப்பியக் கத்தோலிக்க உதவி அமைப்பு ஒன்று மறைமாவட்டச் சமூகப் பணி மையத்துக்கு நிதி அனுப்பும். மையம் அதில் ஒரு பகுதியைக் கிராமத்தில் இயங்கும் வேறொரு பதிவு பெற்ற சிறு அமைப்புக்குக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம் இந்தப் பாதையை அடைத்துவிட்டது. வெளிநாட்டு நிதியைப் பெறுகிற அமைப்பு அதை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தரக்கூடாது. நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 விழுக்காடு வரை அனுமதி இருந்தது; இப்போது 20தான். பணம் புது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இத்திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சிறு அமைப்பு தானே பதிவு செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். அதற்கு மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் சமூகப் பணிக்கு 15 இலட்சம் ரூபாய் செலவு செய்திருக்கவும் வேண்டும். 15 இலட்சம் செலவழிக்கக் கூடிய குழுவுக்கு நம்மிடம் வந்து கேட்க வேண்டிய தேவை என்ன? அன்னை தெரேசாவின் பிறரன்புப் பணியாளர் சபைக்கே 2021 கிறிஸ்துமஸ் நாளில் புதுப்பித்தல் மறுக்கப்பட்டு, சில நாள் கழித்து 2022 ஜனவரியில்தான் திரும்பக் கிடைத்தது. உலகமே அறிந்த சபைக்கு அந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்குக் கேட்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை, கேட்கத்தான் வேண்டும். நம் கவலை வேறு. முன்பு ஒரு சிற்றூர் அமைப்பு சிறு தொகையைக் கையில் பெற்று, கிணற்றைத் தூர்வாருவதா, பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவதா என்று கூடிப் பேசி முடிவெடுத்தது. இப்போது மையமே செலவு செய்ய வேண்டும் என்பதால், அதே மக்கள் பயனாளிப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறார்கள். உதவி கிடைக்கலாம். முடிவெடுக்கிற பழக்கம் போய்விடுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரையில் இதைக் கண்ணாரக் கண்டோமே! கொடுப்பவர் படகு கொடுக்க விரும்பியதால் படகு வந்து குவிந்தது. சில ஊர்களில் இழந்ததைவிட அதிகமாகவே வந்தது.

அப்படியானால் திறந்திருக்கும் கதவு எதுவும் இல்லையா? உண்டு. பெண்களின் சுயஉதவிக் குழுக்களைப் பாருங்கள். தமிழகத்தில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய முயற்சி அது. 1992இல் நபார்டு வங்கி அத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அக்குழுவுக்குச் சங்கப் பதிவு தேவையில்லை. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம், இவ்வளவுதான் வங்கி பார்க்கிறது. எழுத்தறிவு குறைந்த தாய்மார் இதை நடத்திக் காட்டுகிறார்கள். நம் இளையோர் குழுக்களுக்கோ பிளக்ஸ் பேனர் இருக்கும், தீர்மானப் புத்தகம் இருக்காது. (கோபப்பட வேண்டாம், தம்பிகளே. பெரியவர்கள் நடத்தும் பல சபைகளின் கதையும் அதுதான்.)

இன்னொன்று, 'நமக்கு நாமே' திட்டம். 1997இல் தமிழகத்தில் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயரோடு மீண்டும் வந்தது. ஒரு பொதுப் பணிக்கு ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தரும் என்பதே அதன் அடிப்படை. இதில் கோவில் மண்டபம் கட்ட முடியாது. அரசுப் பள்ளிக்கு ஒரு வகுப்பறை, ஊருக்கு ஒரு நூலகம், ஒரு குளம் எனப் பொதுச் சொத்துதான் உருவாகும். அதனால் நமக்கு என்ன என்று கேட்பவர்களும் உண்டு. மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட அடுத்த தெருவின் இந்து, இஸ்லாமிய சகோதரர்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்பதே அதன் பெரிய இலாபம் என்று நாம் நினைக்கிறோம்.

அந்த மூன்றில் ஒரு பங்குக்கு எங்கே போவது? கேரளத்தில் 19ஆம் நூற்றாண்டில் புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா, பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக வீடுதோறும் பிடியரிசி எடுக்கச் செய்தார். உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பது. மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய அதே வழக்கம் இன்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாக வளர்ந்திருக்கிறது. அந்தப் பணத்துக்கு டெல்லியில் அனுமதி வாங்க வேண்டியதில்லை. எதற்குச் செலவிடுவது என்று கொடுத்தவர்களே பேசி முடிவு செய்யலாம்.

கணக்கு விஷயத்தில் திருத்தூதர் பவுலைவிடக் கண்டிப்பானவரைப் பார்ப்பது அரிது. எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையிடம் நிதி திரட்டியபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கு ஏற்ப எடுத்து வைக்கச் சொன்னார். சேர்ந்த பணத்தைத் தாம் மட்டும் கொண்டுபோகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்தவரையும் உடன் சேர்த்துக்கொண்டார். பெருந்தொகையைக் கையாளும்போது எவரும் தம்மேல் குறை சொல்ல இடம் தரக்கூடாது என்று இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் காரணமும் எழுதுகிறார். இன்றைய தணிக்கையாளர் கேட்பதும் இதைத்தானே?

ஆகவே நம் பங்குகளில் மாலைநேர வகுப்பு நடத்தும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி பதிவு செய்யலாம். விதிமுறைகளைத் தமிழிலேயே எழுதி எல்லாரும் படிக்கலாம். இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் வரவு செலவு, ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கை. அந்தக் கணக்கைக் கோவில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். தரகுக்கு நிதி பிடித்துத் தருவதாக வருகிற மனிதரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

இந்த ஆண்டு பதிவு செய்கிற குழுவுக்கு மூன்று ஆண்டு அனுபவம் சேரும்போது, இன்று எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டு அங்கே வரும் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருப்பான். அதுவரை அந்த அறையின் மின்கட்டணத்துக்கும், கற்பிக்க வரும் அக்காவின் பேருந்துச் செலவுக்கும் நம் வீட்டுப் பிடியரிசிதான்.