கனெக்டிங் டெர்மினல்: உள்ளேயா, வெளியேயா?

பயணக் கதை எழுதும் நம் பதிவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. போன ஊரைப் பத்திப் பத்து பாகம் போடுவோம். வழியில் வரும் ஏர்போர்ட் மட்டும் "அங்கே டெர்மினல் மாறி அடுத்த விமானத்தைப் பிடித்தோம்" என்று ஒரே வரியில் முடிஞ்சு போகும். பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுவதே அந்த ஒரு வரியில்தான். அதனால இன்னிக்கு அந்த வரியைப் பத்தி மட்டும் ஒரு பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். "எங்கள் டெர்மினல்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை" என்று பெரிய ஏர்போர்ட்டுகள் பெருமையா சொல்லிக்கறது பாதி உண்மைதான். ரயில் இருக்கா, பஸ் இருக்கா, நடக்கணுமா என்பதெல்லாம் ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த இணைப்பு செக்யூரிட்டிக்கு உள்ளே இருக்கா, வெளியே இருக்கா? பயணிக்கு இதுதான் முக்கியம். பலகைகள் அம்புக்குறி போட்டுத் திசையைச் சொல்லும். அந்தத் திசையில் போனா என்ன விலை கொடுக்கணும் என்பதை ரொம்ப அரிதாத்தான் சொல்லும்.

உதாரணத்தோட பார்ப்போம்.

டல்லாஸ் ஃபோர்ட் வொர்த். ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து டெர்மினல். 2005-ல் ஸ்கைலிங்க் என்று ஒரு ரயில் விட்டாங்க. அது முழுக்க செக்யூரிட்டிக்கு உள்ளேயே ஓடுது, ரெண்டு திசையிலும். ஒரு தடவை சோதனை முடிஞ்சு உள்ளே வந்துட்டா எந்த டெர்மினலுக்கும் போகலாம், தப்பான டெர்மினலில் இறங்கினாலும் அடுத்த ரயிலில் ஏறித் திரும்பலாம். தப்பு பண்ணினா மன்னிக்கிற ஏர்போர்ட்.

நியூயார்க் ஜேஎஃப்கே. இங்கேயும் ரயில் உண்டு, பேரு ஏர்டிரெயின், 2003 டிசம்பரில் வந்தது. டெர்மினலுக்கு டெர்மினல் போகக் காசும் கிடையாது. ஆனா அது வெளியே ஓடுது. அதாவது வந்த டெர்மினலை விட்டு வெளியேறி, ரயிலேறி, அடுத்த டெர்மினலில் இறங்கி, மறுபடி வரிசையில் நின்னு, பெல்ட், லேப்டாப் என்று முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். வரைபடத்தில் ரெண்டு ஏர்போர்ட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். டெர்மினலை எல்லாம் கோத்துக்கிட்டு ஒரு ரயில். கால் வலி மட்டும் வேற வேற.

சிகாகோ ஓஹேர் ரெண்டும் கலந்த ரகம். 1, 2, 3 டெர்மினல்களுக்குள்ளே உள்பக்கமாவே நடந்து போகலாம். வெளிநாட்டிலிருந்து வரும் விமானங்கள் பெரும்பாலும் வந்து சேரும் 5-க்கும் மத்த மூணுக்கும் நடுவில் ஓடும் ரயில் வெளியே. அப்புறம் 4 எங்கேன்னு தேடாதீங்க. 1985 முதல் 1993 வரை 4 என்று ஒரு தற்காலிக டெர்மினல் இருந்தது, 5 திறந்ததும் அதன் கதை முடிஞ்சுது. 3-க்கு அடுத்தது 5 என்பது ஊர்க்காரனுக்குப் பழகிப்போச்சு, புதுசா வர்றவங்களுக்குத்தான் "ஒண்ணை விட்டுட்டோமோ" என்ற பதற்றம். லண்டன் ஹீத்ரோவிலும் இதே கூத்துதான். 2015-ல் 1-ஐ மூடிட்டாங்க, இப்போ எண்ணிக்கையே 2-ல் ஆரம்பிக்குது.

ஹீத்ரோ மூணாவது ரகம். ஊதா நிறப் பலகையில் கனெக்டிங் ஃப்ளைட் வழி போட்டிருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டே போனா உள்பக்கமாவே பஸ்ஸில் அடுத்த டெர்மினலுக்குக் கொண்டு போய் விடுவாங்க, நாட்டுக்குள்ளே நுழைய வேண்டாம். ஆனா செக்யூரிட்டி சோதனை மறுபடி உண்டு. உள்ளேயும் இல்லாம வெளியேயும் இல்லாம, திண்ணையில் உட்கார வச்ச மாதிரி :-)

அட்லாண்டாவைச் சொல்லாம விட்டா அந்த ஊர் நண்பர்கள் கோவிச்சுப்பாங்க. அங்கே 1980-லிருந்தே பூமிக்கடியில் ரயில், அதுவும் உள்ளே. டி, ஏ, பி, சி என்று வரிசையா நிறுத்தங்கள். இங்கே ஒரு சிக்கல் பாருங்க. முதல் நிறுத்தமும் தமிழில் டி, நடுவில் வரும் இன்னொண்ணும் தமிழில் டி. ஆங்கிலத்தில் ரெண்டும் வேற எழுத்து. அதனாலதான் ரயில் அறிவிப்பில் எழுத்தோட ஒரு பேரையும் சேர்த்துச் சொல்றாங்க. விமானத்துறை வழக்கப்படி பார்த்தா அந்த ரெண்டாவது எழுத்துக்கு டெல்டா என்றுதான் சொல்லணும். அங்கே டெல்டா என்றாலே அந்த விமான நிறுவனம்தான் ஞாபகத்துக்கு வரும், குழப்பம் வேண்டாம்னு டேவிட் என்று மாத்திட்டாங்க. வழி சொல்றதைப் பத்தி யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சிருக்கார் என்பதற்கு இது சாட்சி. அப்படி யோசிக்க முடியும் என்று தெரிஞ்சதாலதான் மத்த இடங்களில் யோசிக்காதபோது எனக்குக் கோபம் வருது.

'வெளியே' என்றால் மறுபடி சோதனையில் நிக்கறதோட முடியலை. மூணாவது நாட்டில் மாறும்போது வெளியே போறது என்றால் அந்த நாட்டுக்குள்ளே நுழையறது. இமிக்ரேஷன் உண்டு, நம்ம பாஸ்போர்ட்டுக்குப் பல இடங்களில் விசாவும் வேணும். ஒரே டிக்கெட்டா இருந்தா பெட்டி தானா அடுத்த விமானத்துக்குப் போகும். நூறு டாலர் மிச்சம்னு ரெண்டு தனித்தனி டிக்கெட் போட்டா, பெரும்பாலும் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் பண்ண வேண்டியிருக்கும். பெட்டி இருப்பது வெளியே, விசா கையில் இல்லை. முதல் விமானம் லேட்டாகி ரெண்டாவது போச்சுன்னா, ரெண்டாவது நிறுவனத்துக்கு அது பத்திக் கவலையே கிடையாது. ஒரே டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு அவங்களுது.

அமெரிக்காவுக்குள்ளே வரும்போது இன்னொரு விநோதம். முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடிச்சு, பொதுவா செக்-இன் பெட்டியையும் எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, அங்கேயே இருக்கும் பெல்ட்டில் திருப்பிப் போடணும். அப்புறம் மறுபடி செக்யூரிட்டி. அதாவது கனெக்டிங் ஃப்ளைட் இருக்கறவங்களும் பெட்டி எடுக்கற வழியில்தான் போகணும். "எனக்கு அடுத்த ஃப்ளைட் இருக்கே, நான் ஏன் பெட்டி எடுக்கற பக்கம் போகணும்" என்று ஒருத்தர் நினைச்சா அது முட்டாள்தனம் இல்லை. பலகையை நம்பி யோசிக்கிற எவருக்கும் அப்படித்தான் தோணும்.

இப்போ பதிவோட முக்கியமான இடத்துக்கு வர்றேன். நம்ம வீட்டுப் பெரியவங்க.

சென்னையிலிருந்து கிளம்பற வெளிநாட்டு விமானங்களில் வீல்சேர் வரிசையைப் பார்த்திருப்பீங்க. பதினைஞ்சு, இருபது பேர். அதில் பலர் வீட்டில் மாடிப்படி ஏறி இறங்கறவங்க. என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் மதியச் சாப்பாட்டு நேரத்தில், "இது சுத்த ஏமாத்து வேலைங்க, நிஜமா நடக்க முடியாதவங்க காத்துக் கிடக்கறாங்க" என்று ஒரு பிடி பிடிச்சார். அவர் சொல்றதில் ரெண்டாம் பாதி உண்மை. முதல் பாதியை நான் ஒத்துக்க மாட்டேன்.

எங்க அம்மா 2023-ல் தனியா வந்தாங்க. ரெண்டு இடத்தில் மாறணும். வீல்சேர் போடட்டுமான்னு கேட்டப்போ சொன்ன பதில்: "எனக்கு நடக்க முடியாம இல்லடா. அங்க யார்கிட்ட கேக்கறதுன்னுதான் தெரியாது."

இந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கு. அம்மா வாழ்நாள் பூரா கேட்டுக் கேட்டே வழி கண்டுபிடிச்சவங்க. கோயம்பேட்டில் இறங்கி, "தஞ்சாவூர் வண்டி எங்க நிக்கும்" என்று பூக்காரம்மாகிட்ட ஒரு தடவை, டீக்கடையில் ஒரு தடவை, கடைசியா கண்டக்டர்கிட்ட ஒரு தடவை. மூணு பேரும் ஒரே பதில் சொன்னா ஏறிடுவாங்க. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் திறந்து தெற்கே போற வண்டி எல்லாம் அங்கே போனப்பவும், பெரிய பெரிய பலகை மாட்டியிருந்தும், ஜனங்க கேட்டுத்தான் பழகினாங்க. கேட்கிறதுதான் அவங்க வரைபடம். ஏர்போர்ட் என்பது கேட்காம, படிச்சே போகறவங்களுக்காகக் கட்டின இடம். ஆங்கிலம் சரளமா வராதவங்க அங்கே துணைக்கு ஒரு மனுஷரைக் கேட்க ஒரே ஒரு வழிதான் டிக்கெட் போடும் பக்கத்தில் கண்ணுக்குப் படுது. அது வீல்சேர்.

ஆக, ஒரு வழிகாட்டிக்காகக் கால் இல்லாதவங்க மாதிரி உட்கார வேண்டியிருக்கு. அம்மாவை ஒரு பெரிய ஏர்போர்ட்டில் (பேரு வேண்டாம்) தூண் பக்கத்தில் நிறுத்தி, "இங்கேயே இருங்க" என்று சைகை காட்டிட்டு வீல்சேர் தள்ளினவர் போயிட்டார். அடுத்த ஆள் வர முக்கால் மணி நேரம். எழுந்து பாத்ரூம் போனா, 'நடக்கறாளே' என்று யாராவது திட்டுவாங்களோன்னு பயந்து அப்படியே உட்கார்ந்திருக்காங்க. அறுபத்தெட்டு வயசு, காலையில் கோயிலுக்கு நடந்தே போய்ட்டு வர்ற அம்மா. இதை என்கிட்ட சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

விமான நிறுவனங்களின் முன்பதிவுக் கணினியில் இதுக்கெல்லாம் குறியீடு இருக்கு. நீளமா நடக்க முடியாது, ஆனா படி ஏற முடியும் என்றால் ஒண்ணு, படியும் ஏற முடியாது என்றால் இன்னொண்ணு, நகரவே முடியாது என்றால் வேற ஒண்ணு. இதில்லாம 'மீட் அண்ட் அசிஸ்ட்' என்று தனியா ஒரு குறியீடும் உண்டு. அதாவது கூட நடந்து வந்து வழி காட்ட ஒரு ஆள். நாற்காலி கிடையாது. நம்ம ஆட்களில் பெரும்பாலானவங்களுக்குத் தேவை இதுதான். ஆனா இது எல்லா நிறுவனத்திலும் கிடைக்காது, சிலதில் தனிக் கட்டணம், போன் பண்ணிக் கேட்டாத்தான் சொல்வாங்க. இதை வெளிப்படையா டிக்கெட் போடற பக்கத்திலேயே ஒரு கட்டமாக் கொடுத்தா வீல்சேர் வரிசை பாதியாக் குறையும், நிஜமாவே தேவைப்படறவங்களுக்கு உடனே கிடைக்கும் என்பது என் கருத்து. பெரியவங்களைக் கேலி பண்ணி மீம் போடறதால குறையாது.

அது நடக்கும்வரை நாம செய்யக்கூடியது சில உண்டு:

1. டிக்கெட் போடும் முன்னாடி, மாறும் ஊரில் ரெண்டு டெர்மினலும் எப்படி இணைஞ்சிருக்குன்னு பாருங்க. உள்ளேயா, வெளியேயா, உள்ளே ஆனா மறுபடி செக்யூரிட்டியா? இந்த மூணில் எதுன்னு தெரியாம நேரத்தைக் கணக்குப் போடாதீங்க. உள்ளே என்றால் ரெண்டு மணி நேரம் தாராளம். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊர் என்றால் பெரியவங்களுக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாம வைங்க.

2. பெரியவங்களுக்கு ஒரே டிக்கெட். இதில் சிக்கனம் பார்க்காதீங்க.

3. வழி முழுக்க எழுதி நாலு பக்கம் கொடுக்காதீங்க. ஒரு ஏர்போர்ட்டுக்கு ஒரு தாள். தமிழில், பெரிய எழுத்தில், வரிசையா: எங்கே பெட்டி எடுக்கணும், எங்கே எடுக்கக் கூடாது. பலகையில் வரப்போகும் ஆங்கில வார்த்தையைப் படம் வரையற மாதிரி அப்படியே பக்கத்தில் எழுதுங்க. படிக்க வேண்டாம், பார்த்து ஒத்துப்போகுதான்னு சரிபார்த்தா போதும்.

4. தாளின் அடியில் ஆங்கிலத்தில் ரெண்டு வரி: என் அடுத்த விமானம் இது, தயவுசெய்து வழி காட்டுங்கள். யார்கிட்டயும் நீட்டலாம். கேட்டு வழி கண்டுபிடிக்கிற அவங்க வித்தைக்கு நாம செய்யற மரியாதை இது. ஆப் எல்லாம் இருக்கு, சரிதான். வைஃபை கிடைச்சாத்தான் ஆப்.

5. கேட் நம்பரை நம்பவேண்டாம், மாறும். ஃப்ளைட் நம்பர் மாறாது. அதை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க.

ஏர்போர்ட்காரங்களுக்கும் ஒரு வரி. ரயில் விடறதுக்குக் கோடி கோடியாச் செலவு பண்றீங்க. அந்த ரயிலேறும் வாசலில் "இதைத் தாண்டினால் மறுபடி சோதனை உண்டு, இவ்வளவு நிமிஷம் ஆகும்" என்று ஒரு பலகை மாட்ட எவ்வளவு ஆகிடும்?

மக்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த பயணப் பதிவில் அந்த "டெர்மினல் மாறி" வரியைக் கொஞ்சம் நீட்டி எழுதுங்க. எந்த ஏர்போர்ட், எந்த டெர்மினலிலிருந்து எதுக்கு, உள்ளேயா வெளியேயா, எத்தனை நிமிஷம். அவ்வளவு போதும். நாளைக்கு யாரோட அம்மாவோ அதே வழியில் தனியா வரப்போறாங்க. பின்னூட்டத்தில் போட்டாலும் சரி, ஊர்வாரியாத் தொகுத்து வைக்க நான் தயார்.

டிஸ்கி: விசா விதியும் டெர்மினல் ஒதுக்கீடும் அடிக்கடி மாறும். கிளம்பறதுக்கு முந்தின வாரம் ஒரு தடவை சரிபார்த்துக்குங்க. ஃப்ளைட்டை விட்டுட்டு என்னைத் திட்டாதீங்க :-)