வாங்குபவர் ஒருவர், உண்பது வேறொன்று

வாசிப்பை வாழ்வின் பாதியாகக் கொண்டாடும் நம்மில் பலர் ஒருபோதும் வாசிக்காமல் விட்டுவிடும் பிரதி ஒன்று உண்டு. நாய், பூனை உணவுப் பொட்டலத்தின் பின்புறத்தில் பொடி எழுத்துகளில் அச்சாகியிருப்பது அது. முன்புறத்தில் மலைமுகட்டில் ஓர் ஓநாய் நிற்கும். அதன் காலடியில் பச்சைப் பட்டாணியும் காரட்டும் பளபளக்கும். ஓநாய்க்குக் காரட் எதற்கு என்று நாம் கேட்பதில்லை. அந்தப் படம் உண்ணும் பிராணிக்காக வரையப்பட்டதன்று. பணம் கொடுக்கும் நமக்காக வரையப்பட்டது. வாங்குபவர் ருசிப்பதில்லை, ருசிப்பது வாய்விட்டுச் சொல்வதில்லை. நடுவே இருப்பவை அச்சிட்ட சொற்கள் மட்டுமே. அச்சொற்கள் எவ்வளவு மெய் என்பது இலக்கிய வாசகர்களுக்கும் உரிய கேள்விதான் என்று கருதுகிறோம்.

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கம் வகுத்துள்ள மாதிரி விதிகளைப் பாருங்கள். ‘நாய்களுக்கான மாட்டிறைச்சி’ என்று பெயர் சூட்டினால், சேர்க்கும் தண்ணீர் நீங்கலாக 95 சதவீதம் மாட்டிறைச்சி இருக்க வேண்டும். ‘மாட்டிறைச்சி விருந்து’ என்றால் 25 சதவீதம் போதும். ‘மாட்டிறைச்சியுடன்’ என்றால் வெறும் 3. ‘மாட்டிறைச்சிச் சுவை’ என்றால் அளவே கிடையாது. சுவை தென்பட்டால் சரி. உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் ‘உடன்’ என்னும் உருபுக்கு இத்தனை விலை உண்டென்று நம் இலக்கண ஆசிரியர்கள் எவரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சேர்மானப் பட்டியலிலும் இதே சாமர்த்தியம் உண்டு. பொருள்கள் எடை வரிசையில் அமைய வேண்டும் என்பது விதி. ஆனால் அது சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழி இறைச்சியில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர். அந்த நீரின் தயவில் கோழி முதலிடத்தில் வந்து அமர்கிறது. பட்டாணியோ பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என மூன்றாகப் பிரிந்து பின்வரிசைகளில் பதுங்கிக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறாக, நியாயமற்ற அவப்பெயர் சுமப்பது ‘இறைச்சி உபபொருள்’ என்னும் சொல். அதைக் கண்டு முகம் சுளிப்பது ஒரு மேட்டிமையாகவே ஆகிவிட்டது. அதில் பெரும்பகுதி ஈரல், நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல் போன்ற உள்ளுறுப்புகளே. கறிக்கடையில் சுவரொட்டியைக் கேட்டு வாங்கி, குடல் குழம்புக்குக் காத்திருக்கும் நமக்கு இதில் என்ன அருவருப்பு? எந்தப் பிராணியின் உறுப்பு, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றமே தவிர, உறுப்பு குற்றமன்று.

சரி, எல்லாவற்றையும் நேர்மையாகவே எழுதிவிட்டால் போதுமா? 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் பால் பியோனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. இதயம் வீங்கி, தசை தளர்ந்து பூனைகள் இறந்துகொண்டிருந்தன. அவை உண்டது தெருவில் கிடைத்த எச்சில் அன்று. அன்றைய அளவுகோல்களின்படி போதிய சத்துள்ளதாகக் கருதப்பட்ட ஆலை உணவு. குறைந்திருந்தது டாரின் என்னும் அமினோ அமிலம். நாய் அதைப் பெரும்பாலும் தன் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு இயலாது, இறைச்சியிலிருந்தே பெற்றாக வேண்டும். டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் மீண்டது. அதன் பிறகு உற்பத்தியாளர்கள் அளவைக் கூட்டினார்கள்; அந்நோயும் வெகுவாகக் குறைந்தது. ‘முழுமையான, சமச்சீரான’ என்ற சொற்கள் அன்றைய அறிவின் எல்லை வரைதான் மெய்யாக இருந்தன. பூனைக்குத் தயிர்சாதம் வைத்துவிட்டு ‘ஆலைச் சரக்கு எங்கள் வீட்டில் கிடையாது’ என்று பெருமைப்படும் அன்பர்களும் இந்த ஆய்வைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

அறியாமையால் நேர்ந்தது அது. 2007-இல் நேர்ந்ததோ கணக்குத் தெரிந்தவர்கள் செய்தது.

உணவில் புரதம் எவ்வளவு என்பதை ஆய்வகங்கள் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வகத்திலிருந்த யோஹான் கெல்டால் 1883-இல் ஒரு முறையைக் கண்டறிந்தார். பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். பொட்டலத்தில் நாம் காணும் ‘கச்சாப் புரதம்’ இந்தப் பெருக்கல் தொகைதான். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. பிளாஸ்டிக் தட்டுகள் செய்ய உதவும் மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் கலந்தால் நான்கு கிராமுக்கு மேல் புரதம் இருப்பதாகக் கணக்கு காட்டும்.

சீனாவிலிருந்து கோதுமைப் பசைப்புரதம் என்ற பெயரில் வந்த சரக்கு, உண்மையில் மெலமைனும் அதைச் சார்ந்த சில சேர்மங்களும் கலந்த சாதாரணக் கோதுமை மாவு. அதைக் கொண்டு உணவு தயாரித்த கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம், 2007 மார்ச்சில் ஆறு கோடிக்கு மேற்பட்ட டின்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. மெலமைனும் சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாக உறைந்து நாய்களையும் பூனைகளையும் கொன்றன. செல்லப் பிராணிகளை இழந்ததாக ஆயிரக்கணக்கானோர் புகார் அளித்தார்கள். இன்னொன்றும் வெளிப்பட்டது: கடையில் ஒன்றையொன்று பழித்துக்கொண்டிருந்த விலை உயர்ந்த பெயர்களும் மலிவுப் பெயர்களும், நூறை நெருங்குபவை, இந்த ஒரே நிறுவனத்தின் ஆலைகளிலிருந்து வந்துகொண்டிருந்தன.

நாய்தானே, பூனைதானே என்று இதைக் கடந்து போனவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு, 2008-இல், சீனாவில் தண்ணீர் கலந்த பாலின் புரதக் கணக்கைச் சரிக்கட்ட அதே மெலமைன் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அதே பெருக்கல், அதே மெலமைன், அதே சிறுநீரகம். ஓராண்டுக்கு முன்பே பிராணிகள் தம் உயிரைக் கொடுத்து எச்சரித்திருந்தன. அதை எச்சரிக்கை என்று வாசிக்கத்தான் ஆளில்லை.

பிறகு ‘தானியமற்ற’ என்ற சொல் வந்தது. ஓநாயின் வழித்தோன்றலுக்குத் தானியம் ஆகாது என்றார்கள். ஆனால் மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு மிகுதி என்று 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதனோடு சோறும் ரொட்டியும் தின்றே நாய் நாயாகியிருக்கிறது. தானியத்தை நீக்கிப் பட்டாணியையும் பருப்பையும் நிரப்பிய உணவுகளுக்கும் நாய்களின் இதயநோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இதுவென்று நிறுவப்படாமலே, வழக்கமான பொது அறிவிப்புகளை 2022 இறுதியில் நிறுத்திக்கொண்டது.

இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், ‘உணவு’ என்ற சொல்லுக்குத் தரும் வரையறையிலிருந்தே கால்நடைத் தீவனத்தை விலக்கிவிடுகிறது. ஆகவே கேள்விகளை வாங்குபவரே கேட்க வேண்டியிருக்கிறது. இதை எந்த ஆலை தயாரித்தது? கலவையை வகுத்தவர் கால்நடைச் சத்துணவு படித்தவரா? ‘முழுமையான’ என்பது காகிதக் கணக்கா, பிராணிகளுக்கு ஊட்டிப் பார்த்த சோதனையா? வளர்ந்த நாய்களுக்கான அமெரிக்கச் சோதனை விதி கேட்பது எட்டு நாய்கள், 26 வாரங்கள். அவற்றில் ஆறு இறுதிவரை நின்றால் போதும். அந்தச் சிறிய சோதனையைக்கூடச் செய்யாமல் அச்சொல்லை அச்சிட வழியிருக்கிறது. செய்ததா இல்லையா என்பதைச் சொல்லும் வரி, பொட்டலத்தின் பின்புறத்தில், எல்லாவற்றிலும் பொடியான எழுத்தில் இருக்கும்.