பாட்டியின் ஒற்றை வெள்ளி



ரிங்கிட்டை இன்றும் நாம் ‘வெள்ளி’ என்றுதானே சொல்கிறோம்? ஒரு காலத்தில் அது அசல் வெள்ளியாகவே இருந்தது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்ற அரசு 1903-இல் தனக்கென ஒரு டாலர் வெளியிட்டது. சிலாங்கூரிலும் அதுவே செலாவணி. ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்த அந்தக் காசு பம்பாயில் அடிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது, நம் முன்னோரைப் போலவே! எடை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. வெள்ளி விலை ஏறியதும், செலவழிப்பதைவிட உருக்கி விற்பதே லாபம் என்றாகிவிட்டது. அரசு பெரிய காசுகளைத் திரும்பப் பெற்று, 1907-இல் 20.21 கிராமாகக் குறைத்தது. 1919-இல் இன்னும் குறைந்து 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி.

‘டாலர்’ என்ற சொல் 1520 வாக்கில் பொகீமியாவின் யோவாகிம்ஸ்தால் என்ற ஊரில் அடித்த ‘தாலர்’ காசிலிருந்து வந்தது. சுவீடனிலும் அதே பெயரில் வெள்ளிக்காசு புழங்கியது. கிறிஸ்தினா அரசி (1632–1654) காலத்துக் காசுகளைச் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகிறார்கள். நாமோ சங்கிலியில் தொங்குவதையே டாலர் என்கிறோம். காசில் வளையம் வைத்துக் கழுத்தில் போட்ட வழக்கம்தான்.

என் பாட்டியிடம் 1904-ஆம் ஆண்டுக் காசு ஒன்று இருந்தது. கறுத்துக் கிடக்கிறதே என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஐயா, தேய்க்காமல் கொண்டு வந்திருக்கக் கூடாதா?” என்றார். உருக்கு வெள்ளியின் விலைதான் சொன்னார். வாத்தியாருக்கு அன்றுதான் பாடம்!

தோட்டத்தை விட்டுக் கிள்ளானில் அடுக்குமாடிக்குக் குடிபோகும் குடும்பங்கள், பாட்டியின் டிரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து முதலில் திறந்து பாருங்கள். காசு கிடைத்தால் துடைக்காதீர்கள்; ஓரத்தைப் பிடித்து எடுத்துக் காகித உறையில் வையுங்கள். நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 1903, 1904 என்று போட்டிருந்தும் 27 கிராமுக்கு மிகவும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். இந்தக் காசில் போலி ஏராளம்.

என் காசை நான் விற்கவில்லை. மன்னரின் மூக்கு மட்டும் சற்றுத் தேய்ந்திருக்கிறது. உங்கள் வீட்டில் எந்த ஆண்டுக் காசு இருக்கிறது? எழுதுங்கள்.