‘கேஸ் வேண்டாம், பேசி முடிச்சிக்கலாம்’... நடந்து போகிறவர் மீது வண்டி மோதினால் சட்டம் என்ன தருகிறது?

சாலையைக் கடக்கும் ஒருவர் மீது பைக் மோதுகிறது. கூட்டம் கூடுகிறது. விழுந்தவரைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்து யாரோ தண்ணீர் கொடுக்கிறார்கள். வண்டி ஓட்டி வந்தவர் பர்ஸைத் திறந்து 2,000 ரூபாயை நீட்டி, “கேஸ் எல்லாம் வேண்டாம்ணே, பேசி முடிச்சிக்கலாம்” என்கிறார். ரத்தம் வரவில்லை, காலில் வீக்கம் மட்டும்தான். கூட்டமும் “விடுங்க சார், சின்னப் பையன்” என்கிறது. மறுநாள் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிவு. ஆபரேஷன், பிளேட், மூன்று மாத ஓய்வு. அப்போதுதான் வண்டி எண்ணைத் தேடத் தொடங்குகிறார்கள். யாரிடமும் இல்லை.

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்ட் வாசலிலும் நடக்கக்கூடியதுதான் இது. 2016-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேர் பாதசாரிகள். 2023-ல் அது 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டு இறந்த 1,72,890 பேரில் 35,221 பேர் நடந்து சென்றவர்கள். ஹெல்மெட், சீட் பெல்ட், ஏர்பேக் என்று எதுவும் இல்லாதவர்கள். காயமடைந்தவர்கள் தனி. அவர்களில் பலருக்கு, மோதிய வண்டியின் இன்ஷூரன்ஸ் தங்களுக்காகவும்தான் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே தெரியாது.

மூன்றாம் நபர் யார்?

‘தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ்’ என்பதில் வரும் அந்த மூன்றாம் நபர், சாலையில் போகும் பாதசாரிதான். வாகன உரிமையாளர் முதல் தரப்பு, நிறுவனம் இரண்டாம் தரப்பு. மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருப்பதே வெளியாளுக்கு ஏற்படும் பாதிப்புக்காக. எனவே இழப்பீடு கேட்பது அந்தப் பைக் ஓட்டிய பையனின் பாக்கெட்டில் கை வைப்பது அல்ல. அவர் கட்டிய பிரீமியத்திலிருந்து கேட்பது. சம்பவ இடத்தில் பரிதாபப்படும் கூட்டம் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

வண்டி எண் கையில் இருந்தால் இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதை எம்-பரிவாகன் செயலியில் பார்த்துவிடலாம். இல்லையென்றால் உரிமையாளரே பணம் கட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்து, ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால்? பல வழக்குகளில் நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றே நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன.

அரசுப் பேருந்து மோதினால் கதை கொஞ்சம் வேறு. போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற சட்டத்தில் வழி உண்டு. அப்போது இழப்பீட்டைக் கழகமே கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல் இழுக்கும்போதுதான் ‘அரசுப் பேருந்து ஜப்தி’ என்ற செய்தி வருகிறது. படிக்க வேடிக்கையாக இருக்கும்; அதன் பின்னால் பல ஆண்டுகள் காத்திருந்த ஒரு குடும்பம் இருக்கும்.

ஒரு வரியில் சரியும் வழக்கு

நீதிமன்றத்தில் பெரிய சண்டை எல்லாம் பிறகுதான். பெரும்பாலான வழக்குகளின் தலையெழுத்து ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில், முதல் பத்து நிமிடத்தில் எழுதப்படுகிறது. அங்கே டியூட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் ‘ஏ.ஆர். காப்பி’ என்கிறார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வாகனம் மோதியது என்பது அதில் பதிவாகும். போலீஸ் அலைச்சலுக்குப் பயந்தோ, மோதியவர் கூடவே வந்து கெஞ்சியதாலோ, “வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பிறகு வழக்குப் போட்டால் இன்ஷூரன்ஸ் நிறுவன வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான். வண்டி எண் தெரியாவிட்டால்கூட ‘அடையாளம் தெரியாத பைக் மோதியது’ என்று உள்ளதைச் சொல்லிப் பதிவு செய்வதே பாதுகாப்பு.

அடுத்தது காவல் நிலையம். அங்கே சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டால், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது, புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. வேகமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டிக் காயப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளின் கீழ் குற்றம். கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை சிறை. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். 15 நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் அப்படியே. ‘இது எங்க லிமிட் இல்லை’ என்ற பதிலுக்கும் இப்போது இடமில்லை. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி போலீஸுக்கு வேறொரு கடமையும் உண்டு. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் அதை நம்பி சும்மா இருந்துவிடக் கூடாது. சிசிடிவி பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். எதிர்க் கடைக்காரரிடம் அன்றே போய்க் கேட்பது குடும்பத்தினரோ நண்பர்களோ செய்ய வேண்டிய வேலை.

சிகிச்சைச் செலவு

தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் இணைந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். இது தவிர, மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் விபத்து நாளிலிருந்து 7 நாட்கள், நபருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ‘முதலில் அட்வான்ஸ் கட்டுங்க’ என்று கேட்கும் இடத்தில் இந்த இரண்டின் பெயரையும் சொல்லிக் கேட்கலாம். தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவரைச் சாட்சி சொல்லும்படியோ பெயர் கொடுக்கும்படியோ கட்டாயப்படுத்த முடியாது. 2019 சட்டத் திருத்தம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

எவ்வளவு கிடைக்கும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வழிகள் இரண்டு. 164-வது பிரிவின் கீழ் போனால் யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை; கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம், அவ்வளவுதான். 166-வது பிரிவில் ஓட்டுநரின் தவறைக் காட்ட வேண்டும். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. 164-ன் கீழ் பணத்தை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு காலாவதியாகிவிடும். அவசரத்தில் கையெழுத்துப் போடும் முன் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 32 வயது டெய்லர், மாதம் 18,000 ரூபாய் வருமானம், சொந்தத் தொழில். 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள்: 25,200. ஆண்டுக்கு 3,02,400. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 48,38,400. இப்போது கேள்வி, அவருடைய சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்பது. 10 சதவீதம் என்றால் 4,83,840 ரூபாய். 30 சதவீதம் என்றால் 14,51,520 ரூபாய். மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் இதற்கு மேல்.

வித்தியாசம் முழுவதும் அந்தச் சதவீதத்தில் இருக்கிறது. மருத்துவக் குழு தரும் ஊனச் சான்றிதழின் சதவீதமும், வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. இடது கையை இழந்தவர் டிரைவர் என்றால் பிழைப்பே போய்விடும்; அதே கையை இழந்த அரசு அலுவலக கிளார்க் வேலையில் தொடரலாம். நம் டெய்லருக்குப் போனது தையல் மெஷினை மிதிக்கும் வலது கால் என்றால், அதை டாக்டரின் சாட்சியத்தோடும் தொழிலுக்கான ஆதாரத்தோடும் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சான்றிதழில் உள்ள எண்ணே நின்றுவிடும். கடை வாடகை ரசீது, யுபிஐ வரவுகள், வங்கிக் கணக்கு எல்லாமே வருமானத்துக்கு ஆதாரம்தான். வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்ணுக்கும் வருமானம் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2021-ல் மீண்டும் உறுதிப்படுத்தியது.

எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்வது, “ஜீப்ரா கிராஸிங் இல்லாத இடத்தில் குறுக்கே வந்தார்” என்பது. அப்படி நிரூபித்தாலும் வழக்கு தள்ளுபடியாகாது; பாதசாரியின் பங்குக்கு ஏற்ப ஒரு பகுதி கழிக்கப்படும். அரை கிலோமீட்டருக்குக் கடக்க வழியே இல்லாத சாலையில் இந்த வாதத்தை முன்வைப்பது எவ்வளவு நியாயம் என்ற கேள்வியைப் பாதிக்கப்பட்டவர் தரப்பு எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும்.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. ஓசூரில் அடிபட்ட திருநெல்வேலிக்காரர் சொந்த ஊரிலேயே போடலாம். கெடு, விபத்து நடந்து 6 மாதம். இந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அது முடியும்வரை தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால நிவாரணத்தை நம்பி நாளைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

வண்டி நிற்காமல் போய்விட்டால்?

மோதிய வாகனம் எது என்றே தெரியாத வழக்குகளுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். கலெக்டர் ஒப்புதலுக்குப் பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வரும். தொகை சிறியது, உண்மைதான். ஆனால் இதையும் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் ஒரு மாதத்துக்குள் வாகனத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸே எழுத்துபூர்வமாகச் சொல்ல வேண்டும் என 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த உத்தரவு வந்த வழக்குக்கு ஒரு கோவைத் தொடர்பு உண்டு. விபத்தில் நொறுங்கிய எலும்புகளோடு வருகிறவர்களைத் தினமும் பார்த்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கு அது. அதே வழக்கில்தான் 2025 அக்டோபரில், 50 நகரங்களின் நடைபாதைகளையும் கடக்கும் இடங்களையும் தணிக்கை செய்ய வேண்டும், பாதசாரிகளுக்கான விதிகளை மாநிலங்கள் 6 மாதத்தில் உருவாக்க வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதலில் நடைபாதையின் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர். டிரான்ஸ்பார்மர், டீக்கடை பெஞ்ச், நிறுத்திய பைக் எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை எந்தத் தெருவிலும் அளந்து பார்க்கலாம்.

வக்கீல் வைக்கக் காசு?

ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து, “நாங்க பார்த்துக்கிறோம், வர்றதுல இத்தனை பர்சென்ட் கொடுத்தா போதும்” என்று சொல்கிறவர்களிடம் கவனம் தேவை. இழப்பீட்டில் பங்கு பேசிக்கொண்டு வழக்கு நடத்துவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. வெற்று வக்காலத்திலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தீர்ப்பு வரும் நாளில் கையில் என்ன வரும் என்று சொல்ல முடியாது.

வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. விபத்து வழக்குகள் அதிகம் சமரசமாகும் லோக் அதாலத்தும் இதே ஆணைக்குழு நடத்துவதுதான். கட்டணமில்லா உதவி எண் 15100.