கொல்லையில் ஒரு திராட்சைக் கொடி

கொல்லையில் திராட்சை வைக்க விழையும் அங்கத்தினர்களுக்கு நாம் முதலில் கூறுவது, கன்று வாங்குமுன் கத்தரிக்கோல் வாங்குங்கள் என்பதே. கொடியை நடுவோர் பலர். வெட்டத் துணிவோர் சிலர்.

விதையில்லா இனமே உயர்ந்தது என்றெண்ணி அதன் கன்றைத் தேடி அலைவோர் உளர். அதன் காய் பருப்பதற்கு ஜிப்ரலிக் அமிலம் தெளித்தல் முதலிய பணிகள் வேண்டும். தோட்டக்காரருக்கு அது தொழில், வீட்டாருக்கோ தொல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையே நமக்கு ஏற்றது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இனம் அது. விதை உண்டு, சுவையும் உண்டு. ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் அமைந்திருப்பதால் ஒற்றைக் கொடியே காய்க்கும்.

பந்தலை எட்டும்வரை பக்கத் தளிர்களைக் கிள்ளி, ஒரே தண்டாக ஏற்றுக. எட்டியபின் நுனியைக் கிள்ளி, எதிரெதிர்த் திசைகளில் இரு கிளைகள் விடுக. பிறகு மார்கழி, தை மாதங்களில் ஒரு முறையும், வைகாசி, ஆனி மாதங்களில் ஒரு முறையும் கவாத்துச் செய்தல் வேண்டும். முதிர்ந்து பழுப்பேறிய கொம்பில் நான்கு கணுக்களை நிறுத்தி மீதியை வெட்டுக. மெலிந்த கொம்பில் ஒன்றிரண்டு போதும். முதிர்ந்த கொம்பிலிருந்து புதிதாய் எழும் தளிரிலேயே குலை தோன்றும். இதை அறியாது, "பச்சைக் கொடியை வெட்டுவது பாவம்" என்பார்க்கு இலையே மிஞ்சும். நிழல்தான் வேண்டுமெனில் வேம்பு வைக்கலாமே!

நெசவாளர் வீட்டில் இதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. தறிக்கு வெளிச்சம் தரும் சன்னலுக்கு முன் பந்தல் எழுப்பலாகாது. தழை அடர்ந்தால் குழித்தறியில் அறுந்த இழை கண்ணுக்குப் புலப்படாது. துணியில் குறை விழுந்தால் கூலியில் குறையும். நான்கு படி பழத்துக்காக அந்த இழப்பை ஏற்பது எந்தக் கணக்கிலும் சேராது. இடம் வேறில்லையெனில் கொடியே வேண்டா என்பது நம் உறுதியான அபிப்பிராயம்.

அடர்ந்த தழையில் அடிச்சாம்பல் நோயும் எளிதில் பற்றும். 10 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம் சேர்ந்த போர்டோக் கலவையை அன்றன்றே கலந்து தெளிக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தெருவில் கொடி வைத்தோர் சேர்ந்து ஒரு கைத்தெளிப்பான் வாங்கினால் போதும். அதன் நீலக் கறை நூலில் படும். ஆதலின், தெளிக்கும் நாளை அடுத்த வீட்டாருக்கு முன்னரே அறிவித்து, அன்று பாவு விரிக்காதிருக்கச் செய்க.