போட்டோவுல லிஃப்ட் இருந்துச்சே சார்!

போன மாசம் ஒரு வாரம் இந்தப் பக்கம் வரலையே, எங்கே போனேன்னு சிலர் கேட்டிருந்தீங்க. கல்யாணத்துக்குப் போயிருந்தேன் மக்களே. செட்டியார்பட்டி. ராஜபாளையத்துக்குப் பக்கத்துல, தளவாய்புரத்தை ஒட்டின ஊர். எங்க அம்மாச்சி வாக்கப்பட்ட ஊர்.

அம்மாச்சிக்கு 74 வயசு. தாத்தா போனதுக்கு அப்புறம் எங்களோட சென்னையிலதான் இருக்காங்க. ஊருக்குப் போய் எட்டு வருஷம் ஆச்சு. கொழுந்தனார் பேத்திக்குக் கல்யாணம்னு பத்திரிகை வந்ததுல இருந்து அவங்க கால் தரையில நிக்கலை. "தாலியைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ண அந்த வீட்ல மூத்த மனுஷி நான் ஒருத்திதானடி இருக்கேன்"னு தினமும் ஒரு தடவையாவது சொல்லிடுவாங்க.

கல்யாண வீட்ல கூட்டம். அதனால ராஜபாளையத்துல ரூம் போடுற பொறுப்பை நான் எடுத்துக்கிட்டேன். மொபைல் ஆப்ல தேடினேன். அம்மாச்சிக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம். குத்தவைக்க முடியாது, படி ஏற முடியாது. அதனால நான் பார்த்தது மூணே மூணு விஷயம்தான். லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், வெந்நீர். ஒரு லாட்ஜ்ல மூணுமே இருக்குன்னு போட்டிருந்தது. போட்டோவும் பளிச்சுன்னு இருந்தது. ரெண்டு நாளைக்கு முழுப் பணத்தையும் கட்டிட்டேன்.

பொதிகை எக்ஸ்பிரஸ்ல போய் இறங்கினோம். லாட்ஜ்ல லிஃப்ட் இருந்தது. அதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் 'பழுது' அட்டையும் இருந்தது. அந்த அட்டை மேல படிஞ்சிருந்த தூசியைப் பார்த்தா, என்னைவிட சீனியர் மாதிரி தெரிஞ்சது. ரூம் ரெண்டாவது மாடி. கைப்பிடியைப் பிடிச்சு, ஒவ்வொரு படியா நின்னு நின்னு அம்மாச்சி ஏறி முடிக்கக் கால் மணி நேரம் ஆச்சு. ரூமைத் திறந்தா, கட்டில் விரிப்புல பழைய கறை. பாத்ரூம்ல இந்தியன் டாய்லெட்.

கீழே ஓடினேன். "சார், போட்டோவுல வெஸ்டர்ன் டாய்லெட் இருந்துச்சே?"

மேனேஜர் டிவியில இருந்து கண்ணை எடுக்கலை. "அது டீலக்ஸ் ரூம்மா. ஃபுல் ஆயிடுச்சு."

"வயசானவங்க சார். தரைத்தளத்துல ஏதாவது..."

"முகூர்த்த சீசன்ம்மா. ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்கப் போறீங்க. இதுக்குப் போயி..."

"அப்போ பணத்தைத் திருப்பிக் குடுங்க, வேற இடம் பார்த்துக்கறோம்."

தலைக்கு மேல இருந்த போர்டைக் காட்டினார். 'கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' வேற நாலு லாட்ஜுக்குப் போன் பண்ணிப் பார்த்தோம். எங்கேயும் ரூம் இல்லை.

மறுநாள் முகூர்த்தம் 6-ல இருந்து 7.30. நாலரை மணிக்குக் குழாயைத் திறந்தா காத்துதான் வந்தது. கீழே கேட்டா, "மோட்டார் போடுற பையன் ஆறு மணிக்குத்தான் வருவான்." வாட்டர் கேன் ரெண்டு வாங்கி, ஆளுக்குக் கொஞ்சமா முகம் கழுவிக்கிட்டுக் கிளம்பினோம்.

நான் கவனிக்காத ஒண்ணு இருக்கு. முந்தின நாள் மதியத்துல இருந்து அம்மாச்சி ஒரு வாய் தண்ணி குடிக்கலை. குடிச்சா பாத்ரூம் போகணும், உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது. யார்கிட்டயும் சொல்லாம அடக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. மண்டபத்துல தாலித் தட்டு சுத்தி வர்ற நேரத்துல மயங்கி அப்படியே அம்மா மேல சாஞ்சுட்டாங்க. தட்டு எங்க வரிசையைத் தாண்டிப் போயிடுச்சு. பக்கத்து கிளினிக்ல டிரிப்ஸ் ஏத்தினாங்க. டாக்டர் சொன்னது ஒரே வரி: "உடம்புல தண்ணி இல்லை."

ரூம் போட்டது நான்தானேங்கிற குற்ற உணர்ச்சி ரெண்டு நாள் தூங்க விடலை. அப்புறம் உட்கார்ந்து சட்டத்தைப் படிச்சேன். நான் படிச்சது உங்களுக்கும் உதவும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பிரகாரம், சொன்ன வசதியைத் தராம இருக்கறது சேவைக் குறைபாடு. பில் தராம இருக்கறது முறையற்ற வணிகம். ஆப் மூலமா புக் பண்ணியிருந்தா 2020-ல வந்த மின் வணிக விதிகளும் சேர்ந்துக்கும். அந்த நிறுவனம் குறைதீர் அதிகாரி ஒருத்தரை வெச்சிருக்கணும். புகார் கிடைச்சதை 48 மணி நேரத்துக்குள்ள ஒப்புக்கணும். ஒரு மாசத்துக்குள்ள தீர்வு சொல்லணும்.

'நிர்வாகம் பொறுப்பல்ல' போர்டு? 1998-ல டெல்லி நட்சத்திர ஹோட்டல் ஒண்ணுல, ஊழியர்கிட்ட சாவியைக் கொடுத்து நிறுத்தின கார் திருடு போச்சு. வண்டிக்கு உரிமையாளரே பொறுப்புன்னு ஹோட்டல் சொல்லிப் பார்த்தது. வண்டியைத் தன் பொறுப்புல வாங்கின பிறகு, சொந்த அலட்சியத்துக்கு அப்படி எழுதிவெச்சுத் தப்பிக்க முடியாதுன்னு 2019 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. போர்டைப் பார்த்து நாம உடனே வாயை மூடிக்க வேண்டியதில்லை.

முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணலாம். அதுல தீரலைன்னா மாவட்ட ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் இருக்கு. ஆனா அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; நீங்க குடியிருக்கற ஊர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்குள்ள கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான்.

ஆனா கையில ஆதாரம் வேணும். புக் பண்றப்பவே அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. ரூமுக்குள்ள நுழைஞ்சதும், பையை வைக்கிறதுக்கு முன்னாடி வீடியோ எடுங்க. மேனேஜர்கிட்ட வாயால சண்டை போட்டதோட நிறுத்தாம, அதையே ஒரு மெசேஜா அனுப்பிடுங்க. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா, ஆப்பை நம்பாம லாட்ஜுக்கே போன் பண்ணி, "என் பேருக்கு ஒதுக்கின ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா, லிஃப்ட் இன்னிக்கு ஓடுதா?"ன்னு கேளுங்க. நான் கேட்காம விட்டது இதைத்தான்.

குறைதீர் அதிகாரிக்கு மெயில், 1915-ல புகார் ரெண்டும் போட்டேன். மூணாவது வாரம் ஒரு நாள் வாடகை திரும்பி வந்தது. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சு, பணத்தை எடுத்துட்டு வந்து அம்மாச்சி கையில வெச்சேன்.

வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டாங்க. "காசு கிடக்கட்டும் தாயி. அந்தப் படத்தை எடுத்துட்டானா? இன்னொருத்தி அதைப் பார்த்து வந்துறப்போறா."

ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே பளிச் போட்டோ, அதே லிஃப்ட் அடையாளம். நாற்காலி, அட்டை, பாத்ரூம்னு நான் எடுத்த மூணு படத்தையும் ரிவ்யூவுல ஏத்திட்டேன். தப்பான தகவலை நீக்கணும்னு ரெண்டாவது புகாரும் போயிருக்கு. ஒரு மாசக் கெடு ஓடிக்கிட்டிருக்கு. பதில் வந்ததும் இதே பக்கத்துல சொல்றேன்.

அடுத்த வாரம் பொண்ணு மாப்பிள்ளை மறுவீட்டுக்கு சென்னை வர்றாங்க. இந்தத் தடவை அம்மாச்சி ஆசீர்வாதம் எங்க வீட்லயே!